தோணியை உதைத்த குழாய்

சுவரில் தொங்கும் மணிக்கூடு ஏன் ஓடுவதில்லை என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். எங்கள் ஊருக்குத் தலைமைக்காரராக இருந்த விதானையாரிடம் போய்க் கேளுங்கள் என்பேன். விதானையார் செத்து எத்தனையோ காலமாகிவிட்டது, அது எனக்கும் தெரியும். செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்கிறார்கள். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோதும் சொல்லக்கூடாது என்றுதான் சொன்னார்கள். பிறகு எப்போதுதான் சொல்வது?

ஜெர்மன்காரனோடு நடந்த இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம் அது. எங்கள் வழக்கப்படி வீடு என்னுடையது, புருஷன் வந்து சேர்ந்தவர். வாசலில் தென்னோலைக் கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டுச் சைக்கிள் திருத்துவார். டியூப் ஒட்டுவார், காபைட் கல்லில் தண்ணீர் சொட்டி வரும் வாயுவில் எரிகிற சைக்கிள் லாம்பு துப்புரவாக்கிக் கொடுப்பார். என் சீதன வயல் வாவிக்கு அந்தப் பக்கம், மேற்கே படுவான்கரையில், வெல்லாவெளிக்குப் போகிற வழியில் உள்ள வட்டை என்கிற வயல்வெளியில் இருந்தது. நாங்கள் கிழக்கே எழுவான்கரை ஆட்கள். வயலுக்குப் போவதென்றால் தோணிதான்.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அந்தத் தோணிப் பயணம் எனக்கு நரகம். மேற்கிலிருந்து முகத்தில் அறைகிற காற்று. கம்பை ஊன்றித் தள்ளித் தள்ளிக் கை ஓய்ந்து போகும், தோணி நின்ற இடத்திலேயே நிற்கும். நாங்கள் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிடும். கதிர் அறுத்து அருவி வெட்ட வந்தவர்கள் எங்களுக்காகக் காத்திருப்பார்களா? அடுத்தவன் வயலில் இறங்கிவிடுவார்கள். ஒரு வருஷம் இப்படியே நாள் தள்ளிப்போய், முற்றிய கதிர் நின்ற இடத்திலேயே கொட்டுண்டது. சேற்றில் கிடந்த நெல்லை நான் கையால் கூட்டி அள்ளினேன். வீட்டுக்கு வந்து காற்றையும் திட்டினேன், வாவியையும் திட்டினேன், கையில் அகப்பட்ட புருஷனையும் திட்டினேன். அவர் லாம்பு துடைத்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்துக் குசினியில் நான் புளி கரைத்துக்கொண்டிருக்கும்போது வெளியே டொப்பென்று ஒரு சத்தம். ஒரு தகர மூடி பறந்து வந்து என் மீன் சட்டியை உடைத்தது. கோபத்தில் அகப்பையோடு பாய்ந்தேன். அவர் வாசலில் குந்தியிருந்தார், முன்னால் ஒரு தகர டப்பா புகைந்துகொண்டிருந்தது. உள்ளே காபைட் துண்டொன்றைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, மூடியை இறுக்கி, அடியில் ஓட்டை போட்டுப் பற்றவைத்திருக்கிறார். சின்னப்பிள்ளைகள் செய்கிற வேலை.

“இஞ்ச பாருங்க, உங்களுக்குப் பித்தா?” என்றேன்.

“இல்ல புள்ள. இதே காபைட் லாம்புல எரிஞ்சா வெளிச்சம் மட்டும்தான். அடைச்சு வச்சு எரிச்சா உதைக்குது. சட்டியையே உடைக்கிற உதை. அந்த உதைய ஒரு தோணிக்குக் குடுத்தா என்ன?”

“முதல்ல எனக்கொரு சட்டி குடுங்க” என்றேன்.

அன்று தொடங்கிய பைத்தியம் ஒரு போகம் முழுக்க நீடித்தது. பாலம் கட்ட வந்தவர்கள் விட்டுப்போன இரும்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். காத்தான்குடியிலிருந்து காபைட் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி நானா, பழைய பஸ் ஒன்றிலிருந்து கழற்றிய மக்னெட்டோவைக் கொடுத்தார். அதைக் கையால் சுற்றினால் தீப்பொறி வரும். குழாய்க்குள் காற்று ஊதக் கொல்லரிடமிருந்து ஒரு துருத்தி. குழாயைத் தோணியின் அடியோடு சேர்த்துக் கட்டினார். பின்வாய் திறந்தபடி தண்ணீருக்குள் இருக்கும். முன்வாயில் உள்பக்கம் மட்டும் திறக்கிற ஒரு கதவு. குழாயின் மேற்பக்கம் கொஞ்சம் காற்றும் காபைட் வாயுவும் தேங்கும். பொறி பட்டதும் அது வெடித்துத் தண்ணீரைப் பின்னால் தள்ளும், தோணி முன்னால் போகும். உடனே முன்கதவு தானாகத் திறந்து புதுத் தண்ணீர் உள்ளே வரும். மறுபடி வெடி. இவ்வளவுதான். இவ்வளவையும் எனக்கு விளக்க அவர் குசினிப் பாத்திரமெல்லாம் நனைத்தார்.

டவுனில் ஓடுகிற எண்ணெய் லோஞ்சிப் படகைப் பற்றி அவருக்கு ஒரு இளக்காரம் இருந்தது. “அதுக்குள்ள ஒரு இரும்பு இன்னொரு இரும்பத் தள்ளி, மறுகா அது வேறொண்டத் திருப்பி, பாதி எண்ணெய் அந்த இரும்புகளுக்கே தீனி. இதுல வெடிக்கிறது நேரே தண்ணியத் தள்ளும் புள்ள. நடுவில ஆளில்ல” என்பார். ஒரு சிறங்கை காபைட்டோடு அக்கரைக்குப் போகலாம் என்பார். நான் நம்பவில்லை. நம்புகிற முகத்தை வைத்துக்கொள்ளவும் இல்லை.

ஆனால் அது போனது. கச்சான் முகத்தில் அறைய அறைய, டொப், டொப், டொப் என்று என் வயிற்றுக்குள் இடிக்கிற மாதிரி உதைத்து உதைத்துப் போனது. அக்கம்பக்கத்துத் தோணிகள் கம்பை ஊன்றியபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றன. விடிந்து வெயில் ஏறுமுன் நான் என் வயல் வரம்பில் நின்றேன். அந்த வருஷம் ஒரு கதிர்கூடக் கொட்டவில்லை. பக்கத்து வளவு மச்சாளும் அரிவாளோடு எங்கள் தோணியில் வரத் தொடங்கினாள். சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டே சிரிப்பாள். “உன்ர புருசன் வாவிக்கே சாட்டை அடிக்கிறார் கா” என்பாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இதை இப்போது சொல்லவும் வயிறு எரிகிறது.

குறையென்று ஒன்று இருந்தது. அந்த முன்கதவு தோல். சைக்கிள் பம்பின் தோலைத்தான் வெட்டிப் போட்டிருந்தார். சூட்டில் அது சுருண்டுவிடும், போய் வந்தால் புதிதாக வெட்ட வேண்டும். தோல் கூடாது, மெல்லிய உருக்குத் தகடு வேண்டும், வளைந்து தானாகவே திரும்பி நிமிர வேண்டும் என்று புலம்பிக்கொண்டே இருந்தார். அவர் கண் சுவர் மணிக்கூட்டில் போய்ப் போய் நிற்பதை நான் கண்டேன். என் சீதனத்தில் வந்த மணிக்கூடு. கேட்க அவருக்குப் பயம். நானே கழற்றிக் கையில் கொடுத்தேன். “இந்தாங்க, நேரம் தெரிஞ்சு எனக்கென்ன, வெளிச்சம் வந்தா எழும்புறன்” என்றேன். அவர் உள்ளே இருந்த சுருள்வில்லை எடுத்து நீட்டி, துண்டு துண்டாக வெட்டி, அராவினார். குழாயைத் தோணியிலிருந்து கழற்றி வாசலில் கிடத்தியிருந்தார். கதவில்லாத வெறும் குழாய்.

அந்தக் காலையில்தான் வாவிக்குள் ஒரு வெடி கேட்டது. எங்கள் கூரையில் கிடுகு அதிர்ந்தது.

அது யாருடைய வெடி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். விதானையாரின் மச்சினன் கல்லுடைக்கிற குத்தகைக்காரன். கல்லுக்கென்று வாங்குகிற டைனமைட்டில் ஒரு பங்கை வாவிக்குள் போட்டு மீன் அள்ளுவான். அந்த மீனைப் பாதி விலைக்குக் கொடுப்பான். அதனால் அவன் மேல் யாருக்கும் கோபமில்லை. ஆனால் அன்று வெடித்தது வலை கட்டியிருந்த இடத்துக்குக் கிட்ட. வலைகள் கிழிந்தன, குஞ்சு குருமான் எல்லாம் வயிறு மேலே தெரிய மிதந்தன. வலைக்காரர் கொதித்துப்போய்க் கோயிலடிக்கு வந்தார்கள். யார் தலையிலாவது போட வேண்டும் அல்லவா? விதானையார் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

கோயில் பொறுப்பான வண்ணக்கர் நடுவில் இருந்தார். விதானையார் எழும்பி நின்று, “ஊருக்குள்ள வாவியில வெடி வைக்கிற ஆள் ஒராள்தானே. எல்லாரும் கண்டதுதானே” என்றார். மச்சினன் பக்கத்திலேயே வெற்றிலை மென்றுகொண்டு நின்றான். என் புருஷன் பின்னால் ஒதுங்கி நின்றார். பிறத்தி ஊரிலிருந்து வந்தவர் என்ற கூச்சம் அவருக்கு எப்போதும் உண்டு.

எனக்கு என்ன கூச்சம்? அது நான் பிறந்த ஊர். வீட்டுக்கு ஓடினேன். காலையில் மச்சினனிடம் மச்சாள் வாங்கி எனக்கும் ஒன்று தந்திருந்த கொடுவா மீனையும் குடல் பிடுங்கின மணிக்கூட்டையும் வெட்டின கம்பித் துண்டுகளையும் தூக்கிக்கொண்டு வந்தேன். வண்ணக்கருக்கு முன்னால் மணலில் வைத்து மீனைப் பிளந்தேன். நடுமுள் முறிந்து கிடந்தது, வயிற்றுக்குள் இரத்தம் கட்டியிருந்தது.

“அவர்ர குழாய் உதைச்சா மணலை மீன் துள்ளும், ஓம். நான் இல்லையெண்டு சொல்லல்ல. கொடுவாட நடுமுள்ளு முறியுமா? சமைக்கிற பொம்பளயள் எல்லாரும் இஞ்சதான் நிக்கிறீங்க, சொல்லுங்க. குழாய் கதவில்லாம எங்கட வாசல்ல கிடக்கு. இந்தா அதுக்கு வெட்டின கம்பி. இண்டைக்கு அது எப்பிடி வெடிக்கும்?”

மச்சாளைப் பார்த்தேன். கழற்றிக் கிடத்தியிருந்த குழாயை விடிய வந்து தாண்டிப் போனவள் அவள்தான். காலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

விதானையார் என் பக்கம் திரும்பவேயில்லை. புருஷனைப் பார்த்து, “பொம்பளயக் கத்தவிட்டா உண்மை மாறாது. பொலிசுக்குச் சொன்னா வெடிமருந்துக் கேசு போட்டு மறியல்ல அடைப்பாங்க. ஊருக்குள்ளேயே முடிப்பம். அதக் கொண்டுபோய் ஆழத்தில போட்டிட்டு, இனித் தொட மாட்டன் எண்டு சாமிக்கு முன்னால சொல்லு” என்றார்.

அவர் சொன்னார். என் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு அதைச் சொன்னார்.

குழாயை வேறு ஆளைத் தொட விடவில்லை. தானே தோணியில் ஏற்றி, கம்பை ஊன்றி, கச்சானுக்கு எதிரே மெல்ல மெல்லப் போனார். நான் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். ஆழமான இடத்தில் ஒரு பிள்ளையை இறக்குகிற மாதிரி இரண்டு கையாலும் அதை இறக்கிவிட்டார். திரும்பி வந்து டியூப் ஒட்ட உட்கார்ந்தார். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. நான் பேசினாலும் எழும்பிப் போய்விடுவார்.

மச்சாளை வேலியோடு மறித்துக் கேட்டேன். “எனக்குத் தெரியும் கா” என்றாள். “ஆனா அவன்ட மீன் இல்லாட்டி என்ர சட்டிக்குள்ள என்ன கிடக்கும், சொல்லு?” அவளுக்கு ஐந்து பிள்ளைகள். அதற்குப் பிறகும் அவள் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. அடுத்த கச்சானில் அவளும் என்னோடு கம்பு ஊன்றினாள், இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வாவிக்குள் வெடி கேட்பதும் நிற்கவில்லை. இப்போது யாரும் அதை விசாரிக்கவில்லை.

யுத்தம் வந்தது. அரிசி பங்கீட்டுக் கூப்பனுக்குத்தான் என்றானது. யுத்தத்தின் கடைசிக் காலத்தில் ஒரு நாள் கூப்பன் கடை வாசலில் நானும் புருஷனும் வரிசையில் நின்றோம். விதானையார் வாங்குப் பலகையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். ஜெர்மன்காரன் ஆளில்லாமல் பறக்கிற குண்டு ஒன்று செய்து லண்டனுக்கு அனுப்புகிறானாம். அதன் முதுகில் ஒரு குழாயாம். குழாயின் முன்வாயில் கதவுகளாம். உள்ளே வெடிக்க வெடிக்க அவை மூடித் திறந்து, மூடித் திறந்து, டப டப என்ற சத்தத்தோடு அந்த உதையிலேயே பறக்குமாம். படமும் போட்டிருந்தார்கள்.

“என்ன மூளை பாருங்க. எங்கட ஆக்களுக்கு இதெல்லாம் எங்க வரப்போகுது?” என்றார் விதானையார்.

“விதானையார், அது எங்கட வாவிக்குள்ள கிடக்கு. உங்கட மச்சினனோட போய் மூழ்கி எடுங்க” என்றேன். வரிசை முழுவதும் நிலத்தைப் பார்த்தது. விதானையார் பத்திரிகையை மடிக்கத் தொடங்கினார்.

அப்போது என் புருஷன் வரிசையை விட்டு வெளியே வந்தார். விதானையாருக்கு முன்னால் போய், மரியாதையாகத்தான், “அந்தக் கதவு என்னத்தால செஞ்சிருக்காம்?” என்று கேட்டார்.

விதானையார் மறுபடி பத்திரிகையை விரித்துத் தேடினார். “உருக்கு. மெல்லிய உருக்குத் தகடாம்.”

அவர் திரும்பி என்னிடம் வந்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு முகம் மலர்ந்திருந்தது.

“அப்ப மணிக்கூட்டுக் கம்பி சரிதான் புள்ள” என்றார்.

நித்திரையில் கிடக்கிற சனங்களின் தலையில் போடுவதற்கு ஒருவன் அதைச் செய்திருக்கிறான். இவர் செய்தது அரிவாளோடு நாலு பெண்கள் வாவியைக் கடப்பதற்கு. அவனுக்கு உலகமே பயந்தது, இவரை ஊர் தலைகுனிய வைத்தது. அது எதையும் அவர் நினைக்கவில்லை. தான் நினைத்தது சரி என்று தெரிந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அன்று வீடு வரைக்கும் சந்தோஷமாக நடந்து வந்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.