நாலாம் கேமராவில் ஓடிய பட்டைகள்

வேலைக்குப் போகும் இடங்களில் அவளை எல்லோரும் ஏணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்கூட்டரின் பக்கவாட்டில் மடக்கு ஏணியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்குகிற பெண் வேறு யாரும் அந்தப் பக்கத்தில் இல்லை. வயது நாற்பத்தாறு. பதினெட்டு வருஷம் ஆயத்த ஆடை ஆலையில் தையல் மெஷின்களைப் பழுது பார்த்தவள். ஆலையை மூடியபோது ஒரு வாரம் அழுதாள். அடுத்த வாரம் கண்காணிப்பு கேமரா பொருத்தும் பயிற்சியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் அவள் பிள்ளைகளின் வயதுதான். "ஆன்ட்டி, இது கொஞ்சம் கஷ்டமா இருக்கும்" என்று ஒருவன் சொன்னான். "கஷ்டமா இல்லாட்டி எதுக்குய்யா வகுப்பு?" என்று கேட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலை, அவள் வேலை பார்க்கும் கேமரா நிறுவனத்தின் முதலாளி போன் செய்தார். மருந்துக் கிடங்கு ஒன்றில் நாலாம் கேமராவில் படம் சரியில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை கேமராவை மாற்றியாயிற்று, பதிவுப் பெட்டியையும் மாற்றியாயிற்று.

"இன்னொரு கேமராவை மாட்டிட்டு வந்துடுங்க. மேனேஜர் காதைப் பிச்சு எடுக்கிறார்."

"ரெண்டு தடவை மாத்தியும் தீரலன்னா கோளாறு கேமராவுல இல்லீங்க. தலைவலிக்குத் தலையையா மாத்துவாங்க? நான் பார்த்துட்டுச் சொல்றேன்."

அவள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் இரண்டரை மணி. மேனேஜரின் அறையில் திரை எட்டுக் கட்டங்களாகப் பிரிந்திருந்தது. ஏழு கட்டங்கள் தெளிவு. குளிர் அறையின் பின்வாசலைக் காட்டும் நாலாவது கட்டத்தில் மட்டும் சாம்பல் நிறப் பட்டைகள் கீழிருந்து மேலாக ஏறிக்கொண்டே இருந்தன.

"காலையில கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார் மேனேஜர். "ரெண்டு மணிக்குப் பின்வாசல் வாட்ச்மேன் டியூட்டிக்கு வருவார், உடனே இது ஆரம்பிச்சுடும். தூங்குறது தெரியக்கூடாதுன்னு ஒயரை ஏதோ பண்றார். சனிக்கிழமையோட அவரை நிறுத்திடப் போறேன்."

அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டாள். பின்வாசலுக்குப் போனாள். வாட்ச்மேன் ஐம்பது வயதைத் தாண்டிய மெலிந்த மனிதர். கேட்காமலே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

கதவை ஒட்டிய இரும்புத் தூணில் இருந்த கேமராவில் தன் சின்னத் திரையை நேராக மாட்டிப் பார்த்தாள். படம் பளிச்சென்று இருந்தது. ஆக, கேமரா நல்ல கேமரா. அறைக்குத் திரும்பி, மூன்றாம் கேபிளையும் நாலாம் கேபிளையும் இடம் மாற்றிச் செருகினாள். பட்டைகள் மூன்றாம் கட்டத்துக்குத் தாவின. பதிவுப் பெட்டியிலும் குறையில்லை. மிச்சம் இருப்பது கேபிள்தான் என்று முடிவு கட்டி, எழுபது மீட்டர் புதுக் கேபிளைத் தரையோடு இழுத்து இரு முனையிலும் மாட்டினாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தால், அதே பட்டைகள்.

மேனேஜர் சிரித்தார். "நான்தான் சொன்னேனே. அந்த ஆளை நிறுத்துங்க, எல்லாம் சரியாகும்."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் ஏணியை மடக்கவில்லை. மறுபடி ஏறி, கேபிளின் முனையைக் கழற்றினாள். முழங்கை தூணில் பட்டிருந்தது. சுள்ளென்று விரலிலிருந்து தோள்வரை ஓடியது.

"ஐயோ!"

"உங்களையும் கடிச்சுடுச்சா?" என்றார் கீழே நின்ற வாட்ச்மேன்.

"என்னண்ணே சொல்றீங்க?"

"இந்தக் கதவும் அப்படித்தாம்மா. மத்தியானத்துல கை வச்சா கடிக்கும். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்."

அவள் இறங்கி, ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, மின்சாரம் அளக்கும் மீட்டரின் ஒரு முள்ளைத் தூணிலும் இன்னொன்றைக் கேபிளின் வெளிப்பக்கக் கம்பிப் பின்னலிலும் வைத்தாள். முப்பத்தெட்டு வோல்ட். இருக்கவே கூடாத இடத்தில் மின்சாரம் இருந்தது.

"மத்தியானத்துல மட்டும் இங்க என்னண்ணே ஓடுது?"

"ரெண்டு மணிக்குச் சரக்கு வரும்மா. கதவைத் திறந்து திறந்து மூடுவாங்க. அதனால ரெண்டாவது குளிர் மெஷினையும் போட்டுவிடுவாங்க."

மேனேஜரைப் போனில் கூப்பிட்டு, அந்த மெஷினைப் பத்து நிமிஷம் நிறுத்தச் சொன்னாள். மருந்து கெட்டால் நீங்களா பொறுப்பு என்று கேட்டு அவர் போனை வைத்துவிட்டார். குளிர் போதுமானதும் மெஷின் தானாகவே நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். கதவின் குறுக்கே கயிற்றைக் கட்டி, சரக்கு இறக்க வந்தவர்களை முன்வாசலுக்கு அனுப்பினாள். காத்திருந்தாள். பத்து நிமிஷம், இருபது, நாற்பது. கடைசியில் மெஷின் ஒரு உறுமலோடு அடங்கியது.

"சார், திரையைப் பாருங்க" என்றாள் போனில்.

"அட, பட்டை போயிடுச்சு!"

"போனை வைக்காதீங்க. அப்படியே பார்த்துக்கிட்டு இருங்க."

ஆறு நிமிஷத்தில் மெஷின் மறுபடி உறுமியது.

"திரும்ப வந்துடுச்சு" என்றார் மேனேஜர்.

"வாட்ச்மேன் அண்ணன் இப்ப எங்க நிக்கிறார்னு தெரியுதா?"

திரையில் வாட்ச்மேன் இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"மெஷின்ல கரண்டு கசியுது சார். அது இந்தக் கதவுலயும் ஏறுது. இன்னைக்குச் சுள்ளுன்னுது, ஈரக் கையோட ஒருத்தர் தொட்டா நாளைக்கு ஆளையே தூக்கிடும். இப்பவாவது மெஷினை நிறுத்துவீங்களா?"

மெஷின் நின்றது. எலெக்ட்ரீஷியன் வந்து பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து தொங்கியது. உள்ளே ஒரு ஒயர் அதிர்வில் உரசி உரசித் தோல் உரிந்து மெஷினின் இரும்பு உடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கசிவுதான் கதவு, அதை ஒட்டிய இரும்புத் தூண் வழியாகக் கேமராவில் ஏறி, கேபிளோடு ஓடி, திரையில் பட்டையாகத் தெரிந்திருக்கிறது. அவர் புது ஒயரும் புது எர்த் கம்பியும் போட்டார். அவள் தன் பங்குக்குக் கேமராவுக்கும் தூணுக்கும் நடுவே பிளாஸ்டிக் பலகை வைத்து முடுக்கினாள். மெஷின் ஓட, ஒரு மணி நேரம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு பட்டைகூட வரவில்லை.

"வேலை முடிஞ்ச சீட்டுல எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார் மேனேஜர்.

"முதல்ல அந்த அண்ணன்கிட்ட பேசிட்டு வாங்க சார். நான் இருக்கேன்."

அவர் தயங்கினார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேறு வழியில்லாமல் அவர் பின்வாசலுக்குப் போனார். அவளும் பின்னாலேயே போனாள்.

"சனிக்கிழமைக்கு அப்புறமும் வழக்கம்போல வாங்க" என்றார் மேனேஜர், தரையைப் பார்த்தபடி.

"வரேன் சார். ஆனா கதவு கடிக்குதுன்னு நான் சொன்னப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

"சாக்கு சொல்றீங்கன்னு சொன்னேன்." தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். "தப்புதான். மன்னிச்சுக்குங்க."

வாட்ச்மேன் தலையாட்டினார். முகத்தைத் திருப்பி, துண்டால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே முதலாளியின் போன் வந்தது. "ஒரு கேமராவை மாத்த ஒரு நாளா?"

"மாத்தவே இல்லீங்க. அதே கேமராதான் ஓடுது" என்று நடந்ததைச் சொன்னாள். "இரும்புத் தூண்ல நாம மாட்டின இடம் இன்னும் எத்தனை இருக்கு?"

"ஒன்பது இருக்கும். எதுக்கு?"

"பட்டியலை அனுப்புங்க. திங்கட்கிழமையிலேர்ந்து மீட்டரோட போய்ப் பார்த்துடறேன்."

முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினார். எட்டு இடங்களில் ஒன்றுமில்லை. ஒன்பதாவது ஒரு சலவைக்கூடம். அங்கே மீட்டரின் முள்ளை வைத்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "யாரும் தூணைத் தொடாதீங்க" என்பதுதான்.