அத்தை ஓலமிட்ட மாலை

அத்தையின் மேடைச் சாமான்கள் ஒரே ரெக்ஸின் பையில் அடங்கிவிடும். கறுப்புக் கம்பளிச் சால்வை, கண்ணாடியில் விரிசல் விட்ட அரிக்கேன் விளக்கு, சைக்கிள் சங்கிலி, பெரிய இரும்புச் சாவி, வெளுத்துப்போன வெள்ளை நைட்டி. பேய்க் கதைக்கு இவ்வளவு போதும் என்பாள். பழைய ஆங்கிலப் பேய்க் கதைகளைத் தானே தமிழாக்கி, ஒரே ஆளாக நின்று நடித்துக் காட்டுவாள். சால்வையைத் தோளில் போட்டால் மாளிகையின் முதலாளி. தலையில் போட்டால் கிழட்டு வேலைக்காரன். கீழே நழுவவிட்டால், மலைமுகட்டிலிருந்து கடலில் விழுந்து செத்துப்போன மணப்பெண்.

அத்தை அப்பாவின் தங்கை. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டு தனியாக இருந்தாள். அவள் அதுவரை நடித்ததெல்லாம் வகுப்பறையிலும், எங்கள் வீட்டுக் கூடத்திலும்தான். நாங்கள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அணு உலைக்குப் பக்கத்து ஊழியர் குடியிருப்பில் இருந்தோம். அங்கே மனமகிழ் மன்றத்துக்கு நல்ல மேடையோடு ஒரு ஹால் உண்டு. அந்த மேடை கிடைக்குமா என்று மூன்று வருடமாக அப்பாவை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் கூச்சம். "பாட்டுக் கச்சேரின்னா தைரியமா கேக்கலாம். என் தங்கச்சி பேய் வேஷம் போடறான்னு செக்ரட்டரிகிட்ட எப்படிம்மா போய் நிக்கறது?" என்பார். "ஒரே ஒரு தடவை, அண்ணா. நெஜமான மேடை, ஹால் நெறைய ஜனம். எல்லாரையும் பயமுறுத்த முடியுதா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்பாள் அவள். தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, அப்பா ஒருவழியாகக் கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் குடியிருப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே அவ்வப்போது அபாயச் சைரன் ஒத்திகை நடக்கும். சத்தம் ஏறி இறங்கி ஊளையிட்டால் ஆபத்து. ஒரே சீராக ஒலித்தால் ஆபத்து நீங்கியது. ஊளை கேட்டதும் செய்ய வேண்டியவை நர்சரிக் குழந்தைக்குக்கூட மனப்பாடம்: கதவு ஜன்னலைச் சாத்து, மின்விசிறியை நிறுத்து, ஈரத் துணியால் மூக்கைப் பொத்து, அடுத்த அறிவிப்பு வரும்வரை இருந்த இடத்திலேயே இரு. அப்பாவுக்குப் பாதுகாப்புப் பிரிவில் வேலை. வீடு வீடாகப் போய் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

அத்தை சாயங்காலமே வந்துவிட்டாள். ஹாலைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர்க்காரர் ஏணியின் மேல் நின்றபடி, "இன்னா மேடம், பேயி எந்தாண்டருந்து வருது? சொன்னா லைட்ட அப்டிக்கா திருப்பி வெச்சிடுவேன்" என்றார். "நான்தாங்க பேய்" என்றாள் அத்தை. அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அட, நீங்களா! அப்ப ஒரு லைட்டு போதும்" என்று இறங்கிவிட்டார். அத்தை அன்று வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

பாதிக் கதைவரை ஹால் அவள் கைக்குள் வரவே இல்லை. மேடையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. முதலாளி நெருப்பின் முன்னால் கைகளைத் தேய்த்துக்கொண்டார். கீழே நாங்கள் புழுக்கத்தில் நோட்டீஸால் விசிறிக்கொண்டிருந்தோம். "இங்க கொஞ்சம் பனி அனுப்பச் சொல்லுங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. நான் முன்வரிசையில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில், கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு விளக்கைத் தணித்தாள். சால்வை நழுவியது. எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று மணப்பெண்ணின் ஓலத்தை எடுத்தாள். அதை நாங்கள் அதுவரை கேட்டதே இல்லை. வகுப்பறையிலும் வீட்டிலும் அக்கம்பக்கத்துக்கு அஞ்சி, "இந்த எடத்துல ஓலம்" என்று வாயால் சொல்லிவிட்டு மேலே போய்விடுவாள். இப்போது அது அடிவயிற்றிலிருந்து கிளம்பி ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது.

முதலில் எழுந்தவர் அப்பா. நேரே போய் ஜன்னலைச் சாத்தினார். அடுத்த கணம் ஹாலே எழுந்துவிட்டது. கதவுகள் மூடின, மின்விசிறிகள் நின்றன. பெண்கள் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து முந்தானையை நனைத்துக் குழந்தைகளின் மூக்கில் வைத்தார்கள். அம்மா என் முகத்தைக் கைக்குட்டையால் மூடினாள். யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. எல்லாரும் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் அத்தை திரும்பினாள். அவள் கண்டது ஹால் நிறைய முகத்தைப் பொத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர்களை. கைக்குட்டைக்கு மேலாக நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படியொரு மகிழ்ச்சியை அதற்கு முன்னும் பின்னும் அவளிடம் நான் கண்டதில்லை. இன்னொரு முறை, இன்னும் உரக்க ஓலமிட்டாள்.

அப்பா மன்றத்தின் அலுவலக அறைக்கு ஓடிப் போய், உலைக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டுவிட்டு வந்தார். யாரோ டியூப் லைட்டைப் போட்டார்கள். அப்பா மைக்கை எடுத்தார். "யாரும் பதற வேண்டாம். சைரன் எதுவும் ஊதல. அது... என் தங்கச்சிதான்."

ஹால் வெடித்துச் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல இன்றும் முடியவில்லை. அத்தை டியூப் லைட்டின் கீழே நைட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் கதை இருக்கு" என்றாள். அதையும் சொல்லி முடித்தாள். அந்த லைட்டை அணைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சாப்பிடக்கூட இருக்காமல் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அப்பாவும் நானும் நிறுத்தம்வரை போனோம். "ஜனங்க சும்மா சிரிச்சாங்கம்மா. மனசுல வெச்சுக்காத" என்றார் அப்பா. அத்தை பையை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையையே பார்த்தாள். "சிரிச்சது பரவால்லண்ணா. அவங்க மூஞ்சியப் பொத்தினப்போ நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நல்லாப் பண்றேன்னு நெனச்சுட்டேன்." பஸ் வந்தது.

அதன் பிறகு கொஞ்ச நாள் அப்பாவின் அலுவலகத்தில், "சார், இன்னைக்கு சைரனா, சிஸ்டரா?" என்று கேட்டார்களாம். வகுப்பில் நான் நுழையும்போது பின்பெஞ்சிலிருந்து ஊளை எழும்பும். என் வெட்கத்துக்குப் பெயர் வைக்க எனக்கு வெகுகாலம் தெரியவில்லை. அத்தையை நினைத்து வெட்கப்படுகிறேன் என்றுதான் முதலில் எண்ணியிருந்தேன். எங்களை நினைத்து என்பது பின்னால் புரிந்தது. பயப்பட வேண்டியவற்றின் பட்டியல் எங்களிடம் தயாராக இருந்தது. அவள் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் எங்கள் பயம் அந்தப் பட்டியலுக்குத்தான் போகும். அவளுக்குப் போகாது.

ஏழெட்டு வருடம் அவள் நடிக்கவில்லை. நான் பொறியியல் முடித்து மறைமலைநகரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்திருந்தேன். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். கல்லூரி மாணவிகள் அத்தையை நச்சரித்து ஆண்டு விழாவில் மேடையேற்றினார்கள். அதே மணப்பெண் கதை. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவை அழைத்துப் போனேன். அவர் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

ஓலத்தின் இடம் வந்தது. இந்த முறை அத்தை எங்களைப் பார்த்து நின்றாள். வாயைத் திறந்தாள். கழுத்து நரம்புகள் புடைத்தன. சத்தம் வரவில்லை. திறந்த வாயோடு அப்படியே நின்றாள். என் பக்கத்திலிருந்த பெண் என் மணிக்கட்டைப் பற்றினாள். அவள் யாரென்றே எனக்குத் தெரியாது. அரங்கம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு மாணவி விசும்பினாள். அத்தை வாயை மூடிக்கொண்டதும் எழுந்த கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அப்பா எழுந்து நின்று தட்டினார். "மேம், அங்க சத்தமே இல்லாம விட்டீங்க பாருங்க, செத்துட்டோம் மேம்!" என்று மாணவிகள் சூழ்ந்துகொண்டார்கள். அத்தை சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

உடை மாற்றும் அறையில் தனியாக இருந்தபோது நானும் அதையே சொன்னேன். அந்த மௌனம் பிரமாதமான யோசனை என்றேன்.

"யோசனையா?" என்றாள் முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டே. "நேத்துகூட வீட்ல கதவச் சாத்திக்கிட்டு ஓலம் போட்டுப் பாத்தேன்டி. ஜோரா வந்தது. இங்க வாயத் திறந்தேன், எதிர்ல உங்கப்பா உக்காந்திருந்தாரு. வரல." துணியை மடித்து வைத்தாள். "அவர்ட்ட சொல்லித் தொலைக்காத. இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் சந்தோஷமா இருக்காரு."

சொல்லவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்த மௌனத்தைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறார். என் தங்கச்சி மாதிரி ஒரு இடத்தைச் சும்மா விட்டுப் பயமுறுத்த யாராலும் முடியாது என்கிறார். வாயைத் திறந்து, எப்படி நின்றாள் என்று காட்டவும் செய்கிறார். அந்த நேரத்தில் நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன். பல சமயம் வந்தவர்கள் இன்னும் குடித்து முடித்திருக்கக்கூட மாட்டார்கள்.