தலைவர் ஓட்டிவந்த பஸ்

எனக்குப் பதினொரு வயதாயிருந்தபோது, ருமேனியாவில் அடிமட்டப் பிரிவொன்றில் விளையாடும் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் முழு வரலாறும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து எனக்குச் சொல்லப்பட்டது. இன்றைக்கும் அந்தக் கழகத்தைப் பற்றி யாரும் கேட்டால் ஒரு மணித்தியாலம் தடையில்லாமல் பேசுவேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

நாங்கள் ஜேர்மனியில் பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பட்டணத்தில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், மேல்மாடியில் சித்தப்பா. சித்தப்பா சமையலறை அலுமாரிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க் கழகத்தின் மூன்றாம் அணியில் விளையாடினார். விளையாடினார் என்பதைவிட, ஜேர்சி போட்டுக்கொண்டு மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் இருந்தார் என்று சொல்வதே சரி. நான் அதே கழகத்தின் சிறுமியர் அணியில் கோல்காப்பாளர். எங்கள் குடும்பத்தில் உண்மையான ஆட்டக்காரர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அந்த வருடம் கழகம் தன் ஆண்டுவிழாவைப் பெரிதாகக் கொண்டாடியது. வெளிநாட்டு அணியொன்றை அழைக்கவேண்டும் என்று நிர்வாகக் கூட்டத்தில் பேச்சு வந்தது. சிலர் இத்தாலி என்றார்கள், சிலர் ஸ்பெயின் என்றார்கள். சித்தப்பா எழும்பி, தன்னோடு வேலை செய்யும் ருமேனியரின் சொந்த ஊரில் ஓர் அணி இருக்கிறது, கூப்பிட்டால் தங்கள் பஸ்ஸிலேயே வருவார்கள் என்றார். ‘தங்கள் பஸ்ஸிலேயே’ என்ற சொல்லோடு இத்தாலியும் ஸ்பெயினும் முடிந்துபோயின.

அவர்கள் ஒரு வியாழக்கிழமை வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பழைய பஸ் அது. இரண்டு நாளாக அதை ஓட்டிவந்த உயரமான, மெலிந்த மனிதர் கீழே இறங்கி முதுகை நிமிர்த்திவிட்டுத் தன்னைக் கழகத்தின் தலைவர் என்று அறிமுகம் செய்தார். தலைவர் எங்கே என்று பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் அவசரமாகக் கை நீட்டினார்கள். ஆட்டக்காரர்களை உறுப்பினர்களின் வீடுகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். தலைவரும் மிஹாய் என்ற இளம் கோல்காப்பாளரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

தலைவருக்கு ஜேர்மன் தெரியும். தன் ஊரில் பரம்பரையாக வாழ்ந்த ஜேர்மன்காரர்களிடம் சின்ன வயதில் பழகிய பாஷை. அவர்கள் எல்லோரும் ஜேர்மனிக்குப் போய்விட்டார்கள், பாஷை மட்டும் என்னிடம் தங்கிவிட்டது என்றார். அது எங்கள் ஆசிரியைகூடப் பேசாத பழங்காலத்து ஜேர்மன். என்னை அவர் ‘ஃப்ராய்லைன்’, அதாவது செல்வி, என்று மரியாதையாகக் கூப்பிட்டார். அந்தச் சொல்லை இப்போது ஒருவரும் பயன்படுத்துவதில்லை என்று அப்பா சொன்னார். எனக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது.

அம்மா இரண்டாம் முறை சோறு வைத்தபோதுதான் வரலாறு தொடங்கியது. அவர்களுடைய ஊரில் ஒரு தளபாடத் தொழிற்சாலை இருந்ததாம். கழகம் அதன் பிள்ளை. ஆட்டக்காரர்கள் எல்லோரும் பெயருக்குத் தச்சுத் தொழிலாளர்கள், ஆனால் ஒருவருக்கும் மரம் அரியும் வாள் பிடிக்கத் தெரியாது. நல்ல காலத்தில் இரண்டாம் பிரிவுவரை ஏறினார்கள். ஒருமுறை கிண்ணப் போட்டியில் தலைநகரத்துப் பெரிய அணியையே தோற்கடித்தார்கள். கோல் அடித்தவரிடம் அன்றிலிருந்து சாகும்வரை ஊர்ச் சலூனில் தலைமயிர் வெட்டக் காசு வாங்கவில்லை. அவர் சீக்கிரமே வழுக்கையாகிவிட்டார் என்பது வேறு கதை.

பிறகு ஆட்சி மாறியது. தொழிற்சாலையை ஒருவர் வாங்கி மற்றவருக்கு விற்க, கடைசியில் வாங்கியவர் இயந்திரங்களை லொறிகளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஒரு பனிக்காலத்தில் பார்வையாளர் மேடையின் பலகைகள் ஊராரின் அடுப்புகளுக்குப் போயின. கழகம் ஒரு மரவியாபாரியின் பெயரில் சில வருடம் ஆடியது, பிறகு ஒரு சோடாத் தண்ணீர்க் கம்பனியின் பெயரில், பிறகு பெயர் கொடுக்க ஆள் கிடைக்காமல் ஊரின் பெயரிலேயே. ஒவ்வொரு பெயரிலும் ஒரு பிரிவு கீழே இறங்கியது. புல் வெட்டும் இயந்திரமும் விற்றபின் மைதானத்தில் ஆடுகளை மேய விட்டார்கள். போட்டிக்கு முன் ஆட்டுப் புழுக்கைகளைக் கூட்டித் தள்ளுவதும் தலைவரின் வேலைதான்.

“ஆனால் ஒன்று, ஃப்ராய்லைன்,” என்றார் அவர். “எங்கள் அணி வராததால் நின்றுபோன போட்டி ஒன்றுகூட இல்லை. ஆள் குறைந்தால் நானே இறங்கியிருக்கிறேன்.”

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பாவம் மனுசன். இன்னும் கொஞ்சம் கறி விடட்டோ எண்டு கேளப்பா,” என்று அப்பாவிடம் சொன்னார்.

மிஹாய்க்கு ஜேர்மன் தெரியாது. எனக்கு ருமேனியன் தெரியாது. அது ஒரு தடையாக இருக்கவில்லை. எங்கள் கராஜ் கதவைக் கோலாக்கி, அவன் உதைக்க நான் பாய்ந்தேன், நான் உதைக்க அவன் பாய்ந்தான். நான் சின்னப் பெண் என்று அவன் மெதுவாக உதைக்கவில்லை. அந்த மரியாதையை நான் இன்னும் மறக்கவில்லை. நான் உதைத்ததில் சிலவற்றை அவன் வேண்டுமென்றே விட்டிருக்கலாம். அதை அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை போட்டி. காலையில் தலைவருக்கு ஒரு ஆள் குறைந்தது. ஹம்பேர்க்கில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. இன்னொருவருக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. தலைவர் எங்கள் பக்க வாங்கைப் பார்த்தார். வாங்கில் நிரந்தரமாக இருப்பவர் சித்தப்பா.

சித்தப்பா பச்சை ஜேர்சியைப் போட்டுக்கொண்டு ருமேனியராக மைதானத்தில் இறங்கியதை நான் ஒரு குடும்ப அவமானமாகவே எடுத்துக்கொண்டேன். சொந்தக் கழகத்துக்கு எதிராக! அதைவிடப் பெரிய அநியாயம், மூன்றாம் அணியில் ஒரு கோலும் போடாத மனிதர் அன்றைக்கு ஒரு கோல் போட்டார். பந்துக்கு முதுகைக் காட்டி மத்தியஸ்தரோடு எதையோ கதைத்துக்கொண்டு நின்றபோது, யாரோ அடித்த பந்து அவர் பிடரியில் பட்டு உள்ளே போனது. பச்சை ஜேர்சிக்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கத்தினார்: “அண்ணை, கண்டனீங்களோ? அண்ணை!” அப்பா காணவில்லை. சொசேஜ் வாங்கப் போயிருந்தார்.

கடைசி நிமிடங்களில் எங்கள் அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. போட்டால் சமநிலை. தலைவர் கோலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்ற என் முன்னால் வந்து நின்றார். “நான் பார்க்க மாட்டேன். உன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்,” என்றார். விசில் ஊதியது. மிஹாய் இடப்பக்கம் பாய்ந்து, ஒற்றைக் கையால் பந்தைத் தட்டிவிட்டான். நான் எந்தக் கழகத்துக்காரி என்பதையே மறந்து துள்ளிக் குதித்தேன். தலைவர் திரும்பிப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி நின்று சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இனி நான் சொல்லப்போவதை அன்றைக்கு எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் அறிந்திருந்தார்கள். மிஹாயும் வேறு இரண்டு ஆட்டக்காரர்களும் திங்கட்கிழமை சித்தப்பாவின் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர இருந்தார்கள். எல்லாம் சட்டப்படிதான். சித்தப்பாதான் முன்னின்று பேசி ஒழுங்கு செய்திருந்தார். ஆண்டுவிழாவுக்கு அந்த அணியைத் தேர்ந்தெடுத்ததில்கூட அவருக்கு அந்த எண்ணம் இருந்திருக்கும். தலைவரிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு மிஹாய்க்கு இல்லை.

ஞாயிறு மதியம் கழகக் கட்டிடத்தின் முன்னால் பஸ் புறப்பட நின்றது. எல்லோரும் கேக் கட்டிக் கொடுத்துக் கை குலுக்கினார்கள். தலைவர் ஏறி, உள்ளே திரும்பிப் பார்க்காமல், ஆட்களைக் கணக்கெடுக்காமல் பஸ்ஸை எடுத்தார். அப்போதுதான் தரிப்பிடத்தின் மூலையில், சித்தப்பாவின் காருக்குப் பின்னால் பையோடு நிற்கும் மிஹாயை நான் கண்டேன். மற்ற இருவரும் காருக்குள் குனிந்து இருந்தது பிறகுதான் தெரிந்தது.

ஐயோ, அவனை விட்டுவிட்டுப் போகிறார்களே!

நான் ஓடினேன். “எடி, நில்! பஸ் போகட்டும்! விடு பிள்ளை!” என்று சித்தப்பா பின்னால் கத்தினார். அவருக்கு எப்போதும் எல்லாம் பிந்தித்தான் விளங்கும் என்று நினைத்தபடி, வாசலில் பஸ்ஸுக்கு முன்னால் போய், கால்களை அகட்டி, கைகளை விரித்து நின்றேன். என் வாழ்நாளில் நான் தடுத்தவற்றில் மிகப் பெரியது அந்த பஸ்தான்.

தலைவர் இறங்கி வந்தார். “மிஹாய் அங்கே நிற்கிறான்!” என்று கை காட்டினேன். அவர் அந்தப் பக்கம் உடனே பார்க்கவில்லை. பார்த்தபோது, மிஹாய் தலையைக் குனிந்தபடி பையைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். எங்கள் ஆட்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். மிஹாய் பஸ் படியில் ஒரு காலை வைத்தான்.

தலைவர் கையை நீட்டி வழியை மறித்தார்.

“இடமில்லை,” என்றார், எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாக, ஜேர்மனில். “பஸ் நிறைந்துவிட்டது.”

நான் கண்ணாடி வழியே பார்த்தேன். பின்னால் இரண்டு வரிசை வெறுமையாகக் கிடந்தது. அதை உரத்த குரலில் அவருக்குச் சொன்னேன்.

“நிறைந்துவிட்டது, ஃப்ராய்லைன்,” என்றார் அவர் மறுபடியும். பிறகு பஸ்ஸின் பக்கக் கதவைத் திறந்து, கடதாசியில் சுற்றியிருந்த ஒரு சோடிச் சப்பாத்தை வெளியே எடுத்தார். கோல்காப்பாளருக்குக் கழகம் கொடுத்த சப்பாத்து. அதை மிஹாயின் கையில் வைத்து, “அங்கே வேறு ஒருவனுக்கும் இது அளவாக இராது,” என்றார். சித்தப்பாவிடம் போய்க் கை குலுக்கினார். சித்தப்பா அவர் கையை நெடுநேரம் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பஸ் போய்விட்டது.

அடுத்த பருவத்தில் அந்தக் கழகம் பள்ளிப் பையன்களை வைத்து ஆடியது. கோலில் நின்றவன் பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் ஊதுபவன். ஞாயிறுகளில் மிஹாய் எங்கள் கொம்பியூட்டரில் முடிவுகளைப் பார்ப்பான். பார்த்த பின் வெளியே போய்க் கராஜ் கதவில் பந்தை உதைத்துக்கொண்டிருப்பான். ஒரு இலையுதிர்காலத்தில் பட்டியலில் கழகத்தின் பெயரே இல்லை. சில வருடங்களுக்குப் பிறகு, இன்னொரு புதுப் பெயரோடு, எல்லாவற்றுக்கும் கீழான பிரிவில் மீண்டும் முளைத்தது. சித்தப்பாவும் மிஹாயும் காரில் கோல் வலைகளை ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். மைதானத்தில் இன்னும் ஆடுதான் மேய்கிறது என்றார் சித்தப்பா. மிஹாய் இப்போது தொழிற்சாலையில் ஒரு பகுதிக்குப் பொறுப்பாளர்.

இவையெல்லாம் பிறகு. அந்த ஞாயிறு பின்னேரம் மிஹாய் எங்கள் மேசையில் சாப்பாட்டைத் தொடாமல் இருந்தான். அவனுக்காக எனக்குக் கோபம் பொங்கியது.

“ஏனம்மா அந்த ஆள் பொய் சொன்னவர்? எவ்வளவு இடம் கிடந்தது!”

“பேசாமல் சாப்பிடு,” என்றார் அம்மா. என் சாப்பாட்டுக் கோப்பைக்கு வைக்கவேண்டிய மீன்துண்டு மிஹாயின் கோப்பைக்குப் போனது. அப்பா ஜன்னலைப் பார்த்தார். சித்தப்பா எழும்பி மேலே போய்விட்டார்.

எனக்கு விடை சொல்ல ஒருவரும் இல்லாதபடியால் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். சொந்த பஸ்ஸில் எத்தனை இருக்கை வெறுமையாக இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஒருவர் தலைவராக இருந்தால், அந்தக் கழகம் வருடாவருடம் கீழே இறங்காமல் வேறென்ன செய்யும்?