வாளியின் அடியில் இரண்டு எழுத்துகள்

காலை 6.40. நாகர்கோவில் வடசேரியில் திருவனந்தபுரம் பேருந்தில் ஏறினேன். அறுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், பதினைந்து ரூபாய். 1998, ஆவணி மாதம். கையில் பழைய லாரி டயரை வெட்டிச் செய்த வாளி ஒன்று.

"காலி வாளியோட எங்கம்மா போறீங்க?" என்றார் கண்டக்டர்.

"நிரப்பிக்கிட்டு வரத்தான்" என்றேன். வாய் மட்டும் எனக்கு எப்போதும் சும்மா இருக்காது.

போன வாரம், கிணற்றில் இறைப்பதற்காகச் சந்தையில் வாங்கிய வாளி அது. கழுவும்போதுதான் அடியில் பார்த்தேன்: 'வ செ' என்று சூடு போட்ட தழும்பு. வ நான், வடிவு. செ என் தம்பி செல்வன். டயர் மாறிப்போகாமல் இருக்க லாரிக்காரர்கள் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் தங்கள் எழுத்தைச் சுட்டுவைப்பார்கள். அவன் முதல் லாரி வாங்கியபோது, "ஒத்த எழுத்து அரை லோடு மாதிரி இருக்குடா, என்னையும் ஏத்திக்கோ" என்று நான்தான் கேலி செய்தேன். என் அடுப்பிலேயே கம்பியைக் காய்ச்சினான். வீடு முழுக்க ரப்பர் நாற்றம், திட்டித் தீர்த்தேன்.

அவன் கேரளத்து நெய்யாற்றின்கரைப் பெண்ணைக் கட்டியபோது, அதை ஒப்பாத என் கணவர் வீட்டாருக்குப் பயந்து நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. தாலியில் அக்கா போட வேண்டிய முடிச்சை வேறு யாரோ போட்டார்கள். ஏழு வருஷம் ஆகிறது. அவன் வரவில்லை, எழுதவும் இல்லை. அழைக்காமல் அவன் வீட்டுப் படியேற எனக்கு முகம் இல்லை. என்னை இன்னும் அக்காவாக வைத்திருக்கிறானா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

களியக்காவிளை தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மலையாளமாக மாறியது. 9.15க்குக் கிழக்கேகோட்டையில் இறங்கி, வழி கேட்டுச் சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தேன். வாளி அங்கிருந்துதான் வந்தது என்று சந்தைக்காரர் சொல்லியிருந்தார். பின்சந்து ஒன்றில் தங்கையா என்பவர் டயர் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிக்காரர், இங்கே வந்து இருபது வருஷம்.

"நான் அடிச்ச வாளிதான், கேட்டியளா. ஆனா டயரு பழசும்மா. லாரில ஓடி, மேல கட்டம் கட்டமா இருக்க பட்டன் தேஞ்சு, அதுமேல புது ரப்பர் ஒட்டி ரெண்டு மூணு வாட்டி ஓடும். இனி ஓடாதுன்னாத்தான் எங்கிட்ட வரும். வாளி போக மிச்சம் செருப்புக்கு வாரு. முழுசாக் கெடந்தா விழிஞ்ஞத்துக்குப் போகும், வள்ளம் கரையில முட்டாம இருக்க ஓரத்துல கட்டித் தொங்கவிட. ஒண்ணையும் களையமாட்டோம்."

"எத்தனை வருஷப் பழசு இருக்கும்?"

"ஏழெட்டு இருக்கும்."

அப்படியானால் அவன் கல்யாணத்துக்கு முந்தைய எழுத்து; அவனுடைய இப்போதைய மனசை அது சொல்லாது. வாளியோடு அந்த டயர் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டேன். தங்கையா அதைக் கவனித்திருக்க வேண்டும். "நேமத்துல ரப்பர் ஒட்டுற கடைலேந்துதான் எடுத்தேன். அங்க போய்க் கேளுங்க" என்றார்.

நேமம், வந்த வழியே ஏழு கிலோமீட்டர். டவுன் பஸ், மூன்று ரூபாய். காலையில் அந்தக் கடையைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன். 11.30க்கு உள்ளே நுழைந்ததும் அதே ரப்பர் நாற்றம். இந்தத் தடவை திட்டத் தோன்றவில்லை, அழுகைதான் வந்தது.

மேஸ்திரி மணியன் வாளியைத் திருப்பிப் பார்த்தார். "செல்வன்டெ எழுத்தாணல்லோ! அவன் டயர் அதோ கெடக்கு சேச்சி. சனியாழ்ச்ச வந்து எடுப்பான்."

சுவரோரம் புது ரப்பர் ஒட்டிய டயர். பக்கவாட்டில் 'வ செ'.

"இது எப்பப் போட்ட எழுத்து?"

"போன வருஷம் புது டயரா வாங்கி இங்கதான் சூடு போட்டான், என் முன்னாடி. பாரியா, உன் பொண்டாட்டி பேரு லீலயல்லே, இந்த 'வ' யாருடான்னு கேட்டேன். அக்கான்னு மட்டும் சொன்னான்."

அந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றேன். பக்கத்தில் நானும் ஏதாவது சுட்டு வைக்கலாமா என்று கேட்டேன்.

"அய்யோ, உடமஸ்தன் இல்லாம டயர்ல கை வைக்கப்பிடாது சேச்சி. கடைக்கே சீத்தப்பேரு, கெட்ட பேராயிடும்."

அதுவும் நியாயம்தான். அன்று புதன்கிழமை, சனிக்கிழமை வரை தங்க எனக்கு அங்கே யாரும் இல்லை. வாளியை அந்த டயருக்குள் வைத்தேன்.

"அவன்கிட்ட குடுங்க. அக்கா வீட்டுக் கிணத்துல வாளி இல்லன்னு சொல்லுங்க."

பிற்பகல் இரண்டரைக்கு நாகர்கோவில் பேருந்து கிடைத்தது. எதிரே வந்த ஒவ்வொரு லாரியின் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஓடுகிற சக்கரத்தில் எழுத்து தெரிவதில்லை. வீட்டில் என் கணவர், "வாளி எங்கே?" என்று கேட்டார்.

"தம்பி கொண்டு வருவான்" என்றேன். ஏழு வருஷத்தில் அவர் முன்னால் 'தம்பி' என்ற சொல்லை அன்றுதான் சொன்னேன்.