ஸ்பானியத் தச்சனும் தக்காளிப் பெட்டியும்

தண்ணீரில் ஊறிய பாண் ரொட்டியைத் தூக்குவதுபோல அந்தப் பலகையைத் தூக்கவேண்டும். பத்து விரலும் அடியில் இருக்கவேண்டும், நகம் படக்கூடாது. பலேர்மோ துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர்தான் இதை எனக்குச் செய்து காட்டினார். ஸ்பானிய அரசர்கள் சிசிலியை ஆண்ட காலத்தில் இந்தக் கரையோரம் மூழ்கிப்போன கப்பலொன்றின் இரண்டு பலகைகள் அங்கே இருந்தன. அவ்வளவு காலம் கடலுக்குள் கிடந்த மரம் காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால், பலகைக்கொரு தொட்டியில் நல்ல தண்ணீரில் அமிழ்த்தி வைத்திருந்தார்கள். தரை துடைக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். மன்னாரில் பிறந்தவளின் கை பதமாக இருந்ததோ என்னவோ, தண்ணீர் மாற்றுவதும் ஸ்பொஞ்சால் பாசியை ஒற்றி எடுப்பதும் என் பொறுப்பாயிற்று. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்தால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

ஈஸ்டர் பாஸ்காவுக்கு முதல் நாள் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், நீ செவ்வாய்க்கிழமை வந்தால் போதும் என்றார் பேராசிரியர். செவ்வாய் காலை கதவைத் திறந்தேன். என்ரை மாதாவே! ஒரு தொட்டி வெறுமையாகக் கிடந்தது. மனிதர் படமெடுக்கவென்று பலகையை வெளியே தூக்கி, சந்தைத் தக்காளிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துவிட்டு, அப்படியே நாப்போலிக்குக் கப்பலேறியிருந்தார். மரம் நடுவில் பிளந்துபோயிருந்தது. தூக்கினால், பெட்டியின் பிளாஸ்டிக் சட்டங்கள் அடிப்பக்கத்தில் ஆழமாகப் பதிந்திருந்தன: சாய்ந்த கோடு மூன்று, குறுக்கே ஒன்று. அழுதழுது தண்ணீர் நிரப்பிப் பலகையை உள்ளே இறக்கினேன். பிறகு, துப்புரவு வேலைக்காரியின் கை சும்மா இருக்குமா? பெட்டியைத் தேய்த்துக் கழுவி மூலையில் அடுக்கினேன், தரையையும் துடைத்தேன். அவர் செய்த பிழையின் அடையாளம் முழுவதையும் நானே துடைத்தேன். விசரி!

திரும்பி வந்தவர் எல்லோர் முன்னாலும் என்னைக் கைகாட்டினார். "சிஞ்ஞோரா தொட்டியை நிரப்ப மறந்துவிட்டா." என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வாயைத் திறக்கவும் விடவில்லை. அன்றோடு வேலை போயிற்று. பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்கும் மாதம் அது. வேலைக் கடிதம் இல்லாமல் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் என் கோப்பு அசையவில்லை. அந்த இழுபறிக்குள்தான் மன்னாரில் அம்மா கண்ணை மூடினா. போனால் திரும்பி வரமுடியாது. செத்தவீட்டைக் கைபேசியில் பார்த்தேன். சவப்பெட்டியை மூடும்போது இணைப்பு அறுந்துவிட்டது. அந்த மனிதன் நல்லாயிருக்கக்கூடாது என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். அப்படியும் நேரலாமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

பிறகு பெர்மெஸ்ஸோ கிடைத்தது, பகேரியாவில் ஒரு வீட்டில் வேலையும் கிடைத்தது. சில வருடங்கள் கழித்து ஒருநாள் வியா மக்வேதா தெருவில் என்னவரோடு நடந்துபோகும்போது ஒரு சுவரொட்டி. பேராசிரியரின் புதுப் புத்தகம், அதற்கொரு கூட்டம். அட்டையில் என் தக்காளிப் பெட்டித் தழும்பு! கப்பல் கட்டிய ஸ்பானியத் தச்சன், பலகை மாறாமலிருக்கப் போட்ட குறியாம். கப்பல் எந்தத் துறையில் கட்டப்பட்டது என்பதையே அதை வைத்துக் கண்டுபிடித்தாராம். நடுத்தெருவில் நின்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

"உமக்கென்ன விசரே? சனம் பாக்குது," என்றார் என்னவர்.

"பாக்கட்டுமப்பா. மனிசன் தானா வந்து மாட்டியிருக்கு."

கூட்டத்துக்குப் போனேன். அம்மாவுக்கு அனுப்பவென்று அந்தக் காலத்தில் எடுத்த படங்கள் கைபேசியில் இருந்தன. பலகையின் அடிப்பக்கம் அதில் வழுவழுவென்று இருந்தது. கேள்வி நேரத்தில் எழுந்து, "ப்ரொபெஸ்ஸோரே, இது தச்சன் வெட்டினதில்லை, நீங்கள் பலகையை வைத்த தக்காளிப் பெட்டி," என்று இத்தாலியனில் சொல்லி, படங்களை முன்வரிசைக்கு நீட்டினேன். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு மண்டபமே சிரித்தது. பேராசிரியரின் காதுமடல் சிவந்ததைக் கண்குளிரப் பார்த்தேன். அவ்வளவு சுகமாக இருந்தது.

ஒரு கிழமைக்குப் பிறகு பகேரியா ரயில் நிலையத்தில் எனக்காக நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். மன்னிப்புக் கேட்டார், முழுசாகவே கேட்டார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். மற்றப் பலகையிலும் ஒரு குறி உண்டாம். இப்போது அதையும் யாரும் நம்புகிறார்கள் இல்லையாம்.

"அது முதலிலேயே இருந்ததா, சிஞ்ஞோரா? உங்களுடைய கைக்குத்தான் தெரியும். இருந்தது என்று ஒரு சொல் சொல்லுங்கள்."

இருந்தது. ஒரு சிலுவை, பக்கத்தில் இரண்டு சின்ன வெட்டு. உளி பட்ட விளிம்பு கூராக, உள்ளே கடற்சேறு கறுத்துப்போய் இருக்கும். ஒவ்வொரு காலையும் என் விரல் அதன்மேல் ஓடியிருக்கிறது. அதற்கும் என்னிடம் படம் இருக்கிறது.

"ஞாபகமில்லை," என்றேன். ரயில் வந்தது, ஏறிவிட்டேன்.

அந்தப் படத்தை இன்றுவரை அழிக்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. என்னவருக்குத்தான் மனம் கேட்கவில்லை. நேற்றும் சாப்பிடும்போது தொடங்கினார்.

"அந்த மனிசனை விடும். குறி வெட்டின தச்சன் உமக்கு என்ன செய்தவன்?"

"அவன் ஒண்டும் செய்யேல்லை," என்றேன். "அம்மாவும்தான் ஒண்டும் செய்யேல்லை."