முதல் ரிமோட் காரும் என் கிரீஸ் டப்பாவும்

முப்பத்தெட்டு வயதில் எனக்கென்று வாங்கிய முதல் ரிமோட் கார், ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரை மணலில் பத்தே நிமிடம் ஓடிவிட்டு நின்றுபோனது.

இன்று ஷிப்ட் முடிந்ததும், யூனிபார்மைக்கூட மாற்றாமல் கம்பெனி பஸ்ஸில் வந்து செங்கல்பட்டில் இறங்கினேன். நாள் முழுக்க நின்ற கால் வலியோடு ரேடியோ மெக்கானிக் கடைக்குப் போனேன்.

அவர் காரின் அடிமூடியைக் கழற்றினார். கியர் முழுக்க மணல் கறுப்புக் களியாய் அப்பியிருந்தது.

"இன்னா அண்ணாத்த, பீச்சையே வாரிக்கினு வந்துகீற? இவ்ளோ கிரீஸ் யாரு வெச்சது?"

"நான்தான். பல்லு தேயக் கூடாதுன்னு..."

"பிளாஸ்டிக் பல்லுக்கு எதுக்கு கிரீஸு? தொறந்தாப்ல கீற கியரு, மண்ணு வந்து ஒட்டிக்கும்ல. ஓட்டி முடிச்சதும் பிரஷ்ஷால தட்டி வுட்டா போதும். இதுகூட தெரியாதா? இன்னா வேல பாக்குற நீ?"

மறைமலைநகர் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக நான் மெயின்டெனன்ஸ். மெஷின் லேசாக முனகினாலே கிரீஸ் கன்னும் கையுமாக ஓடுகிற ஆள்.

"ஆபீஸ் வேலை" என்றேன்.

அவர் என் சட்டைக் கையில் இருந்த கிரீஸ் கறையைப் பார்த்தார். பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டி, "நீயே தேய்" என்றார்.

முக்கால் மணி நேரம் தேய்த்தேன். ஓவர்டைம் மாதிரி இருந்தது.

நம் டிபார்ட்மென்ட் ஆட்கள் இதற்கு லைக் மட்டும் போடவும். மற்றவர்கள் சொல்லுங்கள், நீங்கள் யாரிடம் எந்த வேலை என்று சொல்லித் தப்பித்தீர்கள்?