சுடாத துப்பாக்கிக்கு ஐந்துக்கு ஐந்து

எட்டு நாளைக்கு முன்னால், மும்பை செம்பூரில் ஒரு மினி ஹாலில், என் கையில் ஒரு துப்பாக்கி இருந்தது.

பயப்படாதீர்கள். டம்மி. சுடாது. ஆனால் எடை மட்டும் அசல் எடை... இரண்டு நிமிடம் தூக்கிப் பிடித்ததற்கே தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். மற்றவர்களுக்காக ஒரு வரி: சின்ன மார்க்கெட் ரிசர்ச் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். ஒரு பொருள் சந்தைக்கு வருவதற்கு முன்னால் ஏழெட்டுப் பேரை உட்காரவைத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டு, ஃபார்ம் நிரப்பி வாங்க வேண்டும். ஷாம்பு கேட்டிருக்கிறேன். கொசுவத்தி கேட்டிருக்கிறேன். ஒருமுறை நாய் பிஸ்கட். (நாயிடம் அல்ல, வளர்ப்பவரிடம்.)

துப்பாக்கி இதுதான் முதல் தடவை.

விஷயம் இவ்வளவுதான். எஸ்.எல்.ஆர். என்று ஒரு பழைய ரைஃபிள். நீளம், கனம், மரப்பிடி. ராணுவம் அதை எப்போதோ மாற்றிவிட்டது. ஆனால் அங்கங்கே சில படைகளிடம் இன்னும் இருக்கிறது. அதைத் தூக்கிப் போடாமல், மரத்தைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் பிடி வைத்து, மேலே பேட்டரியில் ஓடும் ஒரு சைட்டை மாட்டி — அதற்குள் பார்த்தால் சிவப்புப் புள்ளி தெரியும், அந்தப் புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே குண்டு போக வேண்டும் — 'நவீன ரைஃபிள்' ஆக்கித் தருகிறது ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். இதில் வரும் மனிதர்களின் பெயர்களும் அசல் அல்ல. ஏன் என்று போகப் போகப் புரியும்.

அந்தக் கம்பெனிக்கு ராணுவத்தில் இருந்தவர்களின் கருத்து வேண்டுமாம். எட்டுப் பேரைப் பிடித்தார்கள். எட்டுப் பேரும் தமிழர்கள். இப்போது முலுண்டிலும் டோம்பிவிலியிலும் அடுக்குமாடி சொசைட்டிகளில் செக்யூரிட்டி. எங்கள் ஆபீசில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான். ஆகவே நான்.

எனக்கு இதில் சொந்த அக்கறை ஒன்றும் இருந்தது. என் தம்பி செல்வம். துணை ராணுவப் படையில் மூன்று வருடமாக இருக்கிறான். போன மாதம் போனில் சொன்னான்: "யக்கா, எங்க எஸ்.எல்.ஆருக்கு ஏதோ புது கிட்டு மாட்டப் போறாவளாம். ரெண்டு சாம்பிள் வந்திருக்கு. எல்லாருக்கும் இனிமே இதான்னு பேச்சு."

அதே கிட்டா? தெரியாது. ஆனால் இந்த நாட்டில் எத்தனை பேர் இதைச் செய்துகொண்டிருக்கப் போகிறார்கள்? என் ஃபார்மில் விழும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் சுற்றி வளைந்து என் தம்பியின் தோளில்தான் போய்த் தொங்கும் என்று எனக்குப் பட்டது.

ஃபார்ம் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்து வயதிலிருந்து தாராவியில் எங்கள் சந்து முழுவதற்கும் ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் — எல்லா ஃபார்மும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். ஃபார்மில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று இருபத்தாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

எட்டுப் பேரும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். யாரும் சொல்லாமலே பதவி வரிசைப்படி உட்கார்ந்தார்கள். நீள மேஜையின் இந்தக் கோடியில் ஓய்வுபெற்ற சுபேதார் சார். அந்தக் கோடியில் லான்ஸ் நாயக் அருள்ராஜ், இருப்பவர்களில் இளையவர். சுவரோரமாகக் கம்பெனிக்காரர் ஒருவர் கோட் போட்டுக்கொண்டு நின்றார். ஓய்வுபெற்ற கர்னலாம். ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்த முகம்.

டீயை முதலில் சுபேதார் சாருக்குக் கொடுத்தேன். துப்பாக்கியையும் அவரிடமே கொடுத்தேன். அவர் வாங்கியதும் முனையை மேலே தூக்கி, உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்த்தார்.

"டம்மிதான் சார்."

"பாக்குற வரைக்கும் எல்லாமே லோடு ஆனதுதாம்மா."

எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்தது. சந்தேகப்படுகிற மனிதர்! நல்ல கருத்தாக வரும் என்று நினைத்தேன். அவர் தோளில் வைத்துப் பார்த்தார். இறக்கினார்.

"பட்டியா" என்றார். பிரமாதம் என்று அர்த்தம்.

அடுத்தவர் வாங்கினார். "பட்டியா."

அதற்கடுத்தவர்... "பட்டியா."

எட்டு பட்டியா. பிறகு ஃபார்ம். பன்னிரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுத வேண்டும். ஆறே நிமிடத்தில் எட்டு ஃபார்மும் என் கைக்கு வந்துவிட்டன. ஷாம்புக்கே பெண்கள் அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். ராணுவ ஒழுங்கு என்றால் இதுதான் என்று மெச்சிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஆபீசில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஐந்து, ஐந்து, ஐந்து... ஒன்பதாவது கேள்விக்கு வந்ததும் கை நின்றது.

'குறியின் துல்லியம்?' ஐந்துக்கு ஐந்து.

சுடவே இல்லையே!

சுட முடியாத ஒரு துப்பாக்கி துல்லியமாகச் சுடுகிறது என்று எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நீக்காமல் கேட்டு வாங்கி வந்தவள் நான்.

அதுகூடப் பரவாயில்லை. ஏழாவது கேள்வி, எடையைப் பற்றியது. சுபேதார் சார் நான்கு என்று எழுதி, அதை அடித்துவிட்டு ஐந்து போட்டிருந்தார். அடுத்தவர் ஃபார்மிலும் நான்கு, அடித்து ஐந்து. அதற்கடுத்ததிலும். எட்டு ஃபார்மிலும் நான்கு எழுதி, அடித்து, ஐந்து!

இப்போது சொல்லுங்கள், சந்தேகம் வருமா வராதா? சாப்பாட்டுக்குக் கொடுத்த பிரியாணியா? போகும்போது கொடுத்த பரிசுப் பையா? சுபேதார் சார் கம்பெனியின் ஆளா? என் மேனேஜர் ஷில்பா மேடத்துக்கு இதெல்லாம் முன்பே தெரியுமா? அன்றைக்கு நான் சந்தேகப்படாத ஒரே ஆள் டீக்கடைக்காரர்.

செவ்வாய்க்கிழமை நேராக முலுண்ட் போனேன். அருள்ராஜ் அண்ணன் கேட்டில் உட்கார்ந்திருந்தார். நாகர்கோவில்காரர். பதினேழு வருடம் ராணுவம்.

"ஏழாவது கேள்விக்கு நாலை அடிச்சு ஏண்ணே அஞ்சு போட்டீங்க?"

"சுபேதார் சாப் அடிச்சாரு. நானும் அடிச்சேன்."

"அவர் தப்பா எழுதிட்டு அடிச்சிருக்கலாம் இல்லையா?"

"அது நமக்கு எதுக்கு மேடம்? பேப்பர் வந்தா முன்னால இருக்கவன் என்ன போட்டான்னு பாக்கணும், போடணும். பதினேழு வருஷம் அப்படித்தான் போட்டேன். ஒரு பிரச்சனை வந்ததில்ல."

"சுடாத துப்பாக்கி நேரா சுடும்னு எப்படிண்ணே...?"

சிரித்துவிட்டார். "கிளாஸ் முடியும்போ உஸ்தாத், அதான் சொல்லிக்குடுக்குறவரு, 'கோயி ஷக்?'னு கேப்பாரு. எவனுக்காவது சந்தேகம் இருக்கான்னு. நாங்க எல்லாரும் ஒரே கத்தா 'நோ டவுட்'னு கத்தணும். எவனாவது டவுட்டு இருக்குன்னு சொன்னான்னு வைங்க... மொத்த ஸ்குவாடும் வெயில்ல இன்னொரு மணி நேரம் நிக்கணும். அப்புறம் பேரக்ல அவனுக்குப் பூசை நடக்கும்."

"அப்ப உங்களுக்கு டவுட்டு இருந்துச்சா?"

ஒரு கார் வந்தது. எழுந்து கேட்டைத் திறந்து, சல்யூட் அடித்து, மூடிவிட்டு வந்தார். மேடம் என்பது போய்விட்டது.

"இருந்துச்சு தங்கச்சி. அந்த சைட்ட எங்க மாட்டிருக்கான் பாத்தியா? மேல் மூடில. ரைஃபிள சுத்தம் பண்ணணும்னா மொதல்ல கழட்டுறதே அந்த மூடியத்தான். பழைய மூடி லேசா ஆடும். மூடி ஆடுனா சைட்டும் ஆடும்லா? இன்னைக்கு சுட்டுப் பழகுற ரேஞ்சுல கொண்டு போயி புள்ளிய நேராக்கி வைக்கிற. நாளைக்குக் கழட்டித் தொடச்சு மாட்டுற. அப்புறம் புள்ளி ஒரு எடம், குண்டு ஒரு எடம்."

"புது மூடியைக் கெட்டியா செஞ்சிருக்கலாமே?"

"செஞ்சிருக்கலாம். செய்யாமலும் இருக்கலாம். கழட்டி மாட்டி, சுட்டுப் பாத்தாத்தான தெரியும்?"

எங்கோ ஒரு சாவடியில் செல்வம் அந்தச் சிவப்புப் புள்ளியை நம்பி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது கண்முன்னால் வந்தது.

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீ மொதல்ல யாருகிட்ட கேட்ட?"

"சுபேதார் சார்கிட்ட. அதுதானே மரியாதை?"

"டீக்கு மரியாத, சரி. கேள்விக்கு எதுக்கு மரியாத? கோர்ட் மார்ஷல்ல ஆபீசருங்க உக்காந்து குத்தமா இல்லையான்னு முடிவு பண்ணுவாங்கல்ல, அங்க மொதல்ல யாருகிட்ட கேப்பாங்க தெரியுமா? இருக்கதுலயே ஜூனியர்கிட்ட. பெரியவரு வாயத் தொறந்துட்டா மத்தவன் வேற சொல்ல மாட்டான்னு அவங்களுக்கே தெரியும். ஆர்மியே ஆர்மிய நம்பல... நீ எப்படி தங்கச்சி நம்புன?"

ரயிலில் திரும்பி வரும்போது காது சுட்டது. பிரியாணி மேலும் பை மேலும் பழி போட்டேனே... கேள்வியை மேலிருந்து கீழே உருட்டிவிட்டவள் நான்தானே?

இன்னொரு முறை ஹால் கிடைக்காது. ஆகவே போன். இந்தத் தடவை கீழிருந்து மேலே, ஒவ்வொருவராக, தனித்தனியாக. இரண்டு நாள் ஆனது. ஆனால் எட்டு வாயிலிருந்து எட்டு விதமான பேச்சு வந்தது!

"பேட்டரி செத்தா யாரு குடுப்பா? ஸ்டோர்ல எழுதிப் போட்டு வரதுக்குள்ள சண்டையே முடிஞ்சிரும்" என்றார் ஒருவர். "மலையில ஏறிப் பாரும்மா, கால் கிலோ கூடுனாலும் பிசாசு மாதிரி தொங்கும்" என்றார் இன்னொருவர். ஒருவர் மட்டும் மனதாரப் பாராட்டினார்: "எனக்கு இப்ப கண்ணு மங்கல். ஆனா அந்தப் புள்ளி பளிச்சுனு தெரிஞ்சுது. அந்தக் காலத்துல இது எங்களுக்கு இல்லாமப் போச்சே." அதையும் அப்படியே எழுதிக்கொண்டேன். மூடியைப் பற்றி மட்டும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, ஐந்து பேர் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் சுபேதார் சார். கோபப்படுவாரோ என்று பயந்துகொண்டேதான் கேட்டேன்.

"நாலுன்னுதாம்மா போட்டேன். மனசுல மூணு."

"அப்புறம் ஏன் சார் அஞ்சு?"

"கர்னல் சாப் பின்னால வந்து நின்னாரு. பேப்பரப் பாத்தாரு. சிரிச்சாரு."

"ஏதாவது சொன்னாரா? மிரட்டினாரா?"

"ச்சே ச்சே. சிரிச்சாரும்மா. அவ்வளவுதான். நான் ரிட்டயர் ஆகிப் பதினோரு வருஷம் ஆச்சு... கை தானா அடிச்சிருச்சு."

மற்ற ஏழு பேரும் சுபேதாரைப் பார்த்து எழுதினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுபேதார் யாரைப் பார்த்து எழுதினார் என்று கேட்கத் தோன்றவில்லையே! அந்தக் கர்னலும் வேறு யாரையாவது பார்த்துக்கொண்டுதான் சிரித்தாரோ என்னவோ.

"மூணுன்னு போட்டுக்கோம்மா" என்று போனை வைத்தார். இரண்டு நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். "கர்னல் சாப்புக்குத் தெரிய வேண்டாம்."

கவலைப்படாதீர்கள் சார். இந்தப் பக்கம் தமிழில்தான் வருகிறது, அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஷில்பா மேடம் மேஜையில் இரண்டு ரிப்போர்ட் வைத்தேன்: முதலாவது ஃபார்மில் வந்தது, இரண்டாவது போனில் வந்தது, யார் பெயரும் இல்லாமல். அவர் இரண்டாவதைத் தொடவே இல்லை.

"யே கிஸ்னே மாங்கா?" யார் இதைக் கேட்டார்கள்?

"யாரும் கேட்கவில்லை மேடம். ஆனால் முதல் ரிப்போர்ட்டில் சுடாத துப்பாக்கிக்குத் துல்லியம் ஐந்துக்கு ஐந்து என்று இருக்கிறது. யாராவது கவனித்தால் சிரிப்பது நம்மைப் பார்த்துத்தான்" என்றேன் ஹிந்தியில்.

அவர் ஒன்பதாவது கேள்வியை எடுத்துப் படித்தார். திரும்பவும் படித்தார். அந்த ஹாலில் அவரும்தான் இருந்தார்.

"தோனோ பேஜ் தே" என்றார். இரண்டையும் அனுப்பு. அனுப்பினேன். தயாரித்தவர் என்ற இடத்தில் என் முழுப் பெயரையும் போட்டு.

மறுநாளே துப்பாக்கிக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. நன்றி என்று ஒரு வரி. அடுத்த வரி — மேல் மூடியைப் பற்றி முதலில் சொன்னவர் யார், பெயர் வேண்டும்.

எதற்குப் பெயர்? மூடியைச் சரிசெய்யவா, ஆளைச் சரிக்கட்டவா? நல்லதற்காகவே கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாதபோது பெயர் கொடுப்பதில்லை. கருத்துச் சொன்னவர்களின் பெயரை வெளியிடுவது எங்கள் விதிக்கு மாறானது என்று எழுதினேன். மூடியைக் கழற்றி மாட்டிச் சுட்டுப் பார்த்தீர்களா என்றும் கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

இன்று ஞாயிறு மத்தியானம் செல்வம் கூப்பிட்டான்.

"லேய், அந்த சாம்பிள் கிட்டு வந்துச்சே... சுட்டுப் பாத்தியா? எப்படி இருக்கு?"

"பட்டியா இருக்குக்கா! ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

கணீரென்று சொன்னான். வீட்டில் அவன் அப்படிப் பேசுகிறவனே இல்லை.

"பக்கத்துல யாருல நிக்கா?"

"ஹவில்தார் சாப்."

"சரி. வச்சிட்டு, அவரு போன பொறவு கூப்பிடு."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு தடவை திட்டினாள். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் அடித்தது. இப்போது குரல் தணிந்திருந்தது.

"யக்கா... ஒரு டவுட்டு இருக்கு."

இந்த வாரம் என் காதில் விழுந்த ஒரே நல்ல செய்தி.